நாற்கொம்பு இரலையும் மரபணுக் குறிகளும்

எந்தத் திட்டத்திற்கும் அடிப்படை கணக்கு. எத்தனை மக்கள், எத்தனை ஏக்கர் நிலம், எத்தனை கால்நடைகள் என்ற விவரம் கையில் இல்லாமல் யாரும் திட்டம் தீட்டுவதில்லை. நமது நாட்டில் கால்நடைக் கணக்கெடுப்பு 1919ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வருகிறது. 2019ஆம் ஆண்டின் இருபதாவது கணக்கெடுப்பின்படி வெள்ளாடுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 கோடியே 89 லட்சம். ஆனால் ஏறக்குறைய அந்த வெள்ளாட்டின் அளவே உள்ள ஒரு காட்டு விலங்கு, இந்தியாவிலும் நேபாளத்திலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு விலங்கு, எத்தனை எஞ்சியுள்ளது என்பதற்குத் தோராய மதிப்பீடு மட்டுமே உண்டு. அதுவே நாற்கொம்பு இரலை. வட இந்தியாவில் இது சௌசிங்கா எனவும், கர்நாடகத்தில் கொண்டுகுரி எனவும் வழங்கப்படுகிறது.

பார்வைக்கு எளிதில் அகப்படாத இத்தகைய விலங்குகளைப் பற்றித் திட்டவட்டமான செய்திகளைத் திரட்ட, அவற்றின் புழுக்கையிலிருந்து கிடைக்கும் மரபணுச் சான்றுகள் இன்று பயன்படுகின்றன. இத்துறையில் பெங்களூரிலுள்ள ஆய்வு நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துப் பெற்ற அனுபவம் குறிப்பிடத்தக்கது. அந்த முறை யாது, எவ்வாறு செயல்படுகிறது, எவ்விடத்தில் பிழை நேரக்கூடும், வளர்ச்சித் திட்டங்களுக்கு அதனால் என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மானும் இரலையும்

பேச்சு வழக்கில் மான் என்ற ஒரே சொல் இரு வேறு குடும்பங்களைக் குறிக்கிறது. புள்ளிமான், கடமான், கேளையாடு ஆகியவை மான் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் ஆண்களுக்கு வளரும் கிளைக் கொம்புகள் அவ்வப்போது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். இரலைகளோ மாடு, ஆடு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் கொம்பு எலும்பின் மேல் உறை போல அமைந்திருக்கும், உதிர்வதில்லை. கோடியக்கரையிலும் சென்னை கிண்டியிலும் காணப்படும் வெளிமான், வறண்ட நிலங்களில் வாழும் சிங்காரா, வட இந்திய வயல்களில் பெருந்திரளாகத் தென்படும் நீல்காய், நாற்கொம்பு இரலை ஆகிய நான்கும் இந்திய சமவெளிகளிலும் காடுகளிலும் வாழும் இரலைகளாகும்.

இவற்றுள் வெளிமானும் சிங்காராவும் திறந்த வெளியை விரும்புபவை. நாற்கொம்பு இரலை இலையுதிர் காடுகளையும் புதர் அடர்ந்த மேட்டு நிலங்களையும் நாடுவது. எடை சுமார் 20 கிலோகிராம். ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. பின்புறக் கொம்புகள் இரண்டு நீளமானவை, முன்புறக் கொம்புகள் இரண்டு குட்டையானவை. காட்டு விலங்குகளில் நான்கு கொம்புகள் உடையது இது ஒன்றே. தென்னிந்தியாவில் முன்கொம்புகள் வெறும் மேடாகவோ, அறவே இல்லாமலோ இருப்பதும் உண்டு.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இவ்விலங்கு இடம்பெற்றுள்ளது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாக வகைப்படுத்தியுள்ளது. முதிர்ந்த விலங்குகள் 10,000க்கும் குறைவாகவே இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. கர்நாடகத்தில் பந்திப்பூர், நாகரஹொளே காடுகளிலும், தமிழ்நாட்டில் முதுமலையிலும் இது வாழ்கிறது. தாவணகெரே மாவட்டத்தின் ஜகளூர் வட்டத்தில் ரங்கய்யனதுர்கா என்ற இடத்தில் சுமார் 77 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வறண்ட காடு, 2011ஆம் ஆண்டில் இவ்விலங்கின் பெயரிலேயே சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பந்திப்பூர், நாகரஹொளே, முதுமலை ஆகியவை ஒன்றோடொன்று தொடர்ந்த பெருங்காடுகள். ரங்கய்யனதுர்காவோ விளைநிலங்களுக்கு நடுவே ஒரு தீவைப் போன்றது. இந்த வேறுபாடு பின்னர் கூறப்படும் செய்திகளுக்கு முக்கியமானது.

எண்ணுவதில் உள்ள இடர்

புலியின் உடலில் உள்ள வரிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே தானியங்கிக் காமிராவில் பதியும் படத்தைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம். நாற்கொம்பு இரலைக்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. ஒரு விலங்கின் படத்திற்கும் மற்றொன்றின் படத்திற்கும் வேறுபாடு காண்பது அரிது. மேலும் அது தனித்தோ இணையாகவோ வாழ்வது. மனித அரவம் கேட்டவுடன் புல்லுக்குள் பதுங்கிவிடுவது. காட்டின் குறுக்கே நேர்க்கோட்டில் நடந்து, கண்ணில் படும் விலங்குகளைக் கொண்டு அடர்த்தியைக் கணக்கிடும் முறை புள்ளிமானுக்கு நன்கு பொருந்தும். கூச்சமிக்க, எண்ணிக்கையில் குறைந்த இவ்விலங்கிற்குப் போதிய அளவு காட்சிகள் கிடைப்பதில்லை.

எனினும் இதற்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே இடத்திற்குத் திரும்பத் திரும்ப வந்து புழுக்கை இடும். இக்குவியல்களே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் முதல் தடயம். ஆனால் கேளையாட்டின் புழுக்கையும், புள்ளிமான் குட்டியின் புழுக்கையும், காட்டோரம் மேயும் வெள்ளாட்டின் புழுக்கையும் அளவிலும் வடிவிலும் இதனை ஒத்திருக்கக் கூடும். பழகிய கண்ணும் ஏமாறலாம். ஆப்பிரிக்கக் காடுகளில் டைக்கர் எனப்படும் சிறு இரலைகள் பல வாழ்கின்றன. டான்சானியாவின் உட்சுங்வா மலைகளில், அவற்றின் புழுக்கையைப் பார்த்து மட்டும் இனம் பிரித்த முடிவுகளை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டபோது, கண்ணால் கண்ட அடையாளம் நம்பத்தக்கதாக இல்லை என்பது தெரியவந்தது.

மரபணுக் குறி என்பது யாது?

குடலின் உட்சுவரிலிருந்து உதிரும் உயிரணுக்கள் புழுக்கையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு வெளியேறுகின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் டி.என்.ஏ. உண்டு. இது மிகச் சிறிய அளவினதாயினும், பி.சி.ஆர். எனப்படும் பெருக்க வினையின் மூலம் வேண்டிய பகுதியை மட்டும் பல கோடி பிரதிகளாகப் பெருக்க இயலும். 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் காரி மல்லிஸ் கண்ட இம்முறையே இத்துறை முழுவதற்கும் வழிகோலியது. 1992ஆம் ஆண்டில் இத்தாலியக் கரடிகளின் எச்சத்திலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டபின், விலங்கைப் பிடிக்காமலும் மயக்க மருந்து செலுத்தாமலும் ஆராயும் வழி திறந்தது.

டி.என்.ஏ. நான்கு வகை எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம் எனக் கொள்ளலாம். இவ்வாசகத்தில் ஒரே இனத்தைச் சேர்ந்த எல்லா விலங்குகளுக்கும் பொதுவான பகுதிகள் உண்டு. விலங்குக்கு விலங்கு மாறுபடும் பகுதிகளும் உண்டு. ஒப்பிடத்தக்க வகையில் தேர்ந்தெடுக்கப்பட்ட இத்தகைய பகுதியே மரபணுக் குறி எனப்படுகிறது. பயன் கருதி இவற்றை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இனத்தைக் காட்டும் குறி. உயிரணுவின் மைட்டோகாண்டிரியாவில் உள்ள டி.என்.ஏ. தாய்வழியே வருவது, ஓர் உயிரணுவில் பல பிரதிகளாக இருப்பதால் பழைய புழுக்கையிலும் எளிதில் கிடைப்பது. இதனைக் கொண்டு புழுக்கை கேளையாட்டினுடையதா, இரலையினுடையதா எனத் தெளியலாம். ஹைதராபாதில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள், மிகப் பல விலங்கினங்களை ஒரே சோதனையின் மூலம் அடையாளம் காணும் முறையை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கள்ள வேட்டை வழக்குகளில் கைப்பற்றப்படும் இறைச்சி எந்த விலங்கினுடையது என நிறுவ இது பேருதவியாக அமைந்தது.

இரண்டாவது, தனி விலங்கைக் காட்டும் குறி. இவற்றுள் மைக்ரோசாட்டிலைட் என்பது பெரிதும் பயன்படுகிறது. வாசகத்தின் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் அடுக்குத்தொடர் போலத் திரும்பத் திரும்ப வரும். ஒரு விலங்கில் இவ்வடுக்கு 12 முறையும், மற்றொன்றில் 15 முறையும் வரலாம். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என ஒவ்வொரு விலங்கும் இரு அளவுகளைப் பெறுகிறது. மூன்றாவது, ஆணா பெண்ணா எனக் காட்டும் குறி. கொம்பைக் காணாமலே பால் அறிய இது உதவுகிறது.

ஒரே ஒரு குறியால் தனி விலங்கைத் தீர்மானிக்க முடியாது. ஓர் ஊரில் முருகன் என்ற பெயருடையவர் பலர் இருப்பர். தந்தை பெயர், தெரு, கதவு எண் ஆகியவை சேரும்போதே ஆள் ஒருவராகிறார். அதுபோன்று, உறவற்ற இரு விலங்குகள் ஒரு குறியில் ஒத்திருக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று எனக் கொண்டால், எட்டுக் குறிகளிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு 3,90,625இல் ஒன்றாகக் குறைந்துவிடும். உடன்பிறந்த விலங்குகளுக்கு இது பொருந்தாது. அவை ஒரு குறியில் ஒத்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று எனக் கொண்டால், எட்டுக் குறிகளிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு 256இல் ஒன்றாகவே இருக்கும். ஆகவே சிறிய, நெருங்கிய உறவுடைய கூட்டங்களுக்குக் கூடுதலான குறிகள் தேவைப்படுகின்றன.

குறிகளை உருவாக்கும் படிகள்

மாட்டின் மரபணு வாசகம் முழுமையாகப் படிக்கப்பட்டு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதற்கு முன்பே, மாட்டின் இன மேம்பாட்டிற்கென நூற்றுக்கணக்கான மைக்ரோசாட்டிலைட் குறிகள் கண்டறியப்பட்டிருந்தன. வகைப்பாட்டியலில் நாற்கொம்பு இரலையும் நீல்காயும் வெளிமானைவிட மாட்டிற்கே நெருங்கியவை. எனவே மாட்டிற்கென உருவான குறிகள் சில இவ்விரலையிலும் வேலை செய்யக்கூடும். செலவைக் குறைக்க இதுவே முதலில் முயலத்தக்க வழி.

ஆயினும் இவ்வழியில் ஓர் இடர் மறைந்துள்ளது. மாட்டின் குறி மாட்டிலும் வேலை செய்யும். காட்டில் கால்நடைகள் மேய்ந்து சென்ற இடத்தில் எடுக்கப்பட்ட புழுக்கையில் மாட்டின் டி.என்.ஏ. கலந்திருந்தால், கிடைக்கும் விடை இரலையுடையதா மாட்டுடையதா என ஐயம் எழும். ஆகையால் ஒவ்வொரு மாதிரியையும் முதலில் இனக் குறியால் சோதித்துத் தேர்ந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

கடன் வாங்கிய குறிகள் போதாதபோது, அவ்விலங்கிற்கே உரிய குறிகளை உருவாக்க வேண்டியுள்ளது. இறந்த விலங்கிலிருந்தோ, உயிரியல் பூங்காவில் உள்ள விலங்கிலிருந்தோ, உரிய அனுமதியுடன் பெறப்பட்ட இரத்தம் அல்லது திசுவிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கப்படுகிறது. இக்காலத்து வரிசையறியும் கருவிகள் அதன் வாசகத்தை விரைவில் படித்துவிடுகின்றன. அதில் அடுக்குத் தொடர்கள் வரும் இடங்களைக் கணிப்பொறி தேடித் தருகிறது. ஒவ்வோர் இடத்தின் இரு புறமும் பொருந்தும் தொடக்கிகள் எனப்படும் சிறு துண்டுகள் வடிவமைக்கப்படுகின்றன.

இவ்வாறு தேர்ந்த குறிகள் பல சோதனைகளைக் கடக்க வேண்டும். எல்லா விலங்குகளிலும் ஒரே அளவைக் காட்டும் குறியால் பயனில்லை; அது நீக்கப்படுகிறது. திசுவில் நன்கு வேலை செய்து, புழுக்கையில் தோல்வியுறும் குறிகளும் உண்டு. வெயிலிலும் மழையிலும் கிடந்த புழுக்கையில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும். எனவே நீளம் குறைந்த பகுதிகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன. தழைகளில் உள்ள வேதிப்பொருள்கள் பெருக்க வினையைத் தடுப்பதும் உண்டு. ஒரே காட்டின் விலங்குகளைக் கொண்டு தேர்ந்த குறிகள், வேறொரு காட்டில் உள்ள வேறுபாட்டைக் குறைத்துக் காட்டலாம். ஆகவே தொடக்கத்திலேயே பல காடுகளின் மாதிரிகளைச் சேர்ப்பது நலம்.

களப்பணியிலும் ஒழுங்கு தேவை. வறண்ட பருவத்தில், இயன்றவரை புதிய புழுக்கையை, கையுறை அணிந்து, குவியலின் மேற்பகுதியிலிருந்து எடுத்து, எத்தனாலிலோ உலர்த்தும் சிலிக்காவிலோ உடனே இட வேண்டும். எடுத்த இடம், நாள், ஆகியவற்றைக் குறிக்கத் தவறினால் ஆய்வுக்கூடத்தின் உழைப்பு முழுவதும் வீணாகும்.

பிழை பெருகும் விதம்

குறிகளை இத்தனை கவனத்துடன் சோதிப்பது ஏன் என்ற கேள்வி எழலாம். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும்.

புழுக்கையில் டி.என்.ஏ. குறைவாக இருப்பதால், தாய்வழி, தந்தைவழி அளவுகள் இரண்டில் ஒன்று சில வேளைகளில் பெருக்கப்படாமல் விடுபட்டுப் போகும். ஒரு குறியில் இவ்வாறு பிழை நேரும் வாய்ப்பு 5 சதவீதம் எனக் கொள்வோம். இது சிறியதாகவே தோன்றும். ஆனால் எட்டுக் குறிகளும் ஒருங்கே பிழையின்றி அமையும் வாய்ப்பு 66 சதவீதமே. அதாவது மூன்றில் ஒரு மாதிரி ஏதேனும் ஒரு பிழையைத் தாங்கியிருக்கும். பிழையுள்ள மாதிரி, முன்பு கண்ட விலங்கோடு பொருந்தாமல், புதிய விலங்கு போலத் தோன்றும்.

இதன் விளைவை மதிப்பீட்டில் காணலாம். ஒரு காட்டில் முதல் சுற்றில் 20 விலங்குகளும், இரண்டாம் சுற்றில் 20 விலங்குகளும் அடையாளம் காணப்பட்டன என்றும், அவற்றுள் 5 இரு சுற்றுக்கும் பொதுவானவை என்றும் கொள்வோம். இருபதை இருபதால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் மொத்தம் 80 என்ற மதிப்பீடு கிடைக்கும். பிழையின் காரணமாக அந்த ஐந்தில் இரண்டு புதிய விலங்குகளாகக் கருதப்பட்டால், வகுக்கும் எண் மூன்றாகிவிடும். மதிப்பீடு 133 ஆக உயர்ந்துவிடும். காட்டில் ஒரு குட்டியும் பிறக்கவில்லை; ஆனால் ஏட்டில் 53 விலங்குகள் பிறந்துவிட்டன.

இதில் அடங்கிய அபாயத்தை நிர்வாகிகள் உணர வேண்டும். தரக்குறைவான குறிகள் பெரும்பாலும் எண்ணிக்கையைக் கூட்டியே காட்டுகின்றன. குறைந்துவரும் ஒரு விலங்கு பெருகிவருவதாகக் கோப்புகளில் தோற்றமளிக்கும். அந்த நம்பிக்கையில் ஒரு சாலைக்கோ சுரங்கத்திற்கோ இசைவு தரப்பட்டால், பின்னர் திருத்திக்கொள்ள வழி இராது. எனவே ஒவ்வொரு மாதிரியையும் பலமுறை சோதித்து, ஒத்துவந்த விடையை மட்டுமே ஏற்பதும், பிழை வீதத்தை முடிவுகளுடன் சேர்த்தே வெளியிடுவதும் இத்துறையில் விதிகளாகக் கொள்ளப்படுகின்றன.

பெங்களூரின் அனுபவம்

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1983ஆம் ஆண்டில் சூழலியல் மையம் தோன்றியது. இம்மையத்தின் யானை ஆய்வுகள் புகழ் பெற்றவை. தென்னிந்திய யானைகளின் மரபணுக் கூறுகளை ஆராய்ந்து, டி.என்.சி. வித்யா, ரா. சுகுமார் ஆகியோர் வெளிநாட்டு அறிஞர்களுடன் இணைந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகள் தமிழ்நாட்டிற்கு நேரடித் தொடர்புடையவை. நீலகிரி மற்றும் அதனைச் சார்ந்த கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் யானைகளிடையே, சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்பிலும், மரபணு வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆனால் இவற்றுக்கும் தெற்கே ஆனைமலை, பெரியாறு யானைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்பட்டது. இடையில் உள்ளது சுமார் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் மட்டுமே. மேலும், ஆசியாவிலேயே பெரியதான நீலகிரி யானைக் கூட்டத்தில் தாய்வழி மரபுக் கூறு ஒரே ஒரு வகையே இருந்தது. அதனினும் சிறிய ஆனைமலை, பெரியாறு கூட்டங்களில் மரபணு வேறுபாடு மிகுதியாக இருந்தது. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் மரபணு வளத்திலும் பெரியதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதே இது தரும் பாடம்.

பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையம், வனவிலங்கு ஆய்வு மையத்துடன் இணைந்து பந்திப்பூர்ப் புலிகளை இரு முறைகளில் மதிப்பிட்டது. ஒன்று காமிரா, மற்றொன்று எச்சத்தின் டி.என்.ஏ. 2009ஆம் ஆண்டில் வெளியான முடிவில் இரு முறைகளும் 66 என்ற ஒரே மதிப்பீட்டைத் தந்தன. வரிகளைக் கொண்டு அடையாளம் காணத்தக்க விலங்கில் இவ்வாறு முறை சரிபார்க்கப்பட்டதால், வரிகளற்ற விலங்குகளுக்கும் அதனைப் பயன்படுத்தலாம் என்ற துணிவு பிறந்தது.

இம்மையத்தில் உமா ராமகிருஷ்ணனின் ஆய்வுக் குழுவினர் பின்னர் மேற்கொண்ட பணிகள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒடிசாவின் சிம்லிபால் காட்டில், காமிராவில் பதிந்த புலிகளுள் சுமார் 37 சதவீதம் கருமை படர்ந்த தோலுடையவை. வெளியுலகத் தொடர்பற்ற சிறு கூட்டத்தில் ஓர் அரிய மரபணு மாற்றம் பெருகியதே இதற்குக் காரணம் என 2021ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. மத்திய இந்தியாவில் காட்டெருதின் சாணத்தையும் கடமானின் புழுக்கையையும் கொண்டு நடத்திய ஆய்வில், நிலப்பயன்பாட்டு மாற்றமும் சாலைகளும் கடமானைவிடக் காட்டெருதின் போக்குவரத்தையே மிகுதியாகத் தடுத்துள்ளமை தெரியவந்தது. ஒரே காடு, ஒரே சாலை. ஆயினும் விலங்கிற்கு விலங்கு விளைவு வேறு.

தொழில்நுட்பமும் மாறிவருகிறது. மைக்ரோசாட்டிலைட்டுக்குப் பதிலாக, வாசகத்தில் ஓர் எழுத்து மட்டும் மாறுபடும் இடங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே வினையில் சோதிக்கப்படுகின்றன. மிகக் குறுகிய துண்டுகளே இதற்குப் போதுமானவை என்பதால் சிதைந்த மாதிரியிலும் பலன் கிடைக்கிறது. ஓர் ஆய்வுக்கூடத்தின் முடிவை மற்றோர் ஆய்வுக்கூடத்துடன் ஒப்பிடுவதும் எளிதாகிறது.

தேசிய அளவில் இம்முறை ஏற்கப்பட்டுவிட்டது. 2021 முதல் 2025 வரை நடந்த யானைக் கணக்கெடுப்பில் 21,056 சாண மாதிரிகள் சேகரிக்கப்பட்டு, 4,065 யானைகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. அதன் அடிப்படையில் நாட்டில் 22,446 யானைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. கர்நாடகத்தில் 6,013, தமிழ்நாட்டில் 3,136 என்பது மதிப்பீடு.

திட்டமிடுவோர் கவனிக்க வேண்டியவை

யானைக்கும் புலிக்கும் கிடைத்த இவ்வாய்ப்பு சிறு விலங்குகளுக்குக் கிடைப்பது அரிதாகவே உள்ளது. பெரிய விலங்கின் பாதுகாப்பில் சிறியவையும் காக்கப்படும் என்பது பரவலான கருத்து. இது முழுமையாக மெய்யன்று. பல நூறு கிலோமீட்டர் நடக்கும் புலிக்கு வழியாக அமையும் வயல்வெளி, புதரை விட்டு வெளிவர அஞ்சும் இரலைக்குச் சுவராக அமையலாம். ஒரு தலைமுறைக்கு ஒன்றிரண்டு விலங்குகளேனும் கூட்டத்திற்குக் கூட்டம் சென்று கலந்தால்தான் மரபணு வளம் காக்கப்படும் என்பது மரபியலாளர் கூறும் பொது விதி. அவ்வாறு கலக்கின்றனவா என்பதை மரபணுக் குறிகளைக் கொண்டே அறிய இயலும்.

பந்திப்பூரின் ஊடே மைசூரிலிருந்து கேரளத்திற்கும் நீலகிரிக்கும் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில், 2009ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே போக்குவரத்து கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் பகுதியில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அடியில் விலங்குகள் கடப்பதற்கென 9 அமைப்புகள் கட்டப்பட்டுள்ளன. இவை பெரும் பொருட்செலவும், பொதுமக்களின் வசதிக் குறைவும் உள்ளடங்கிய முடிவுகள். இத்தகைய முடிவுகளின் பலனை அளக்காமல் விடுவது முறையன்று. சாலையின் இரு புறமும் உள்ள இரலைகளின் மரபணுக் கூறுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பிட்டால், செலவிட்டது பயன் தந்ததா என்பதற்கு விடை கிடைக்கும்.

ரங்கய்யனதுர்காவின் நிலை இன்னும் அவசரமானது. விளைநிலங்களுக்கு நடுவே அமைந்த 77 சதுர கிலோமீட்டரில் எத்தனை விலங்குகள் உள்ளன, அவை தமக்குள்ளேயே உறவு கலந்து நலிந்துவருகின்றனவா, வெளியிலிருந்து விலங்குகளைக் கொண்டுவந்து விடுவது தேவையா, தேவையெனில் எக்காட்டிலிருந்து என்பவை சரணாலய நிர்வாகம் முடிவு செய்ய வேண்டியவை. கொம்பின் வடிவத்தையும் மண்டையோட்டையும் கொண்டு இவ்விலங்கு மூன்று துணையினங்களாக 2003ஆம் ஆண்டில் பிரிக்கப்பட்டது. இப்பிரிவு மரபணு அடிப்படையிலும் மெய்யானதா என்று தெளியாமல் ஒரு பகுதியின் விலங்கை மற்றொரு பகுதியில் கொண்டுபோய் விடுவது நன்மைக்குப் பதிலாகத் தீமையும் விளைக்கலாம்.

இவற்றை முன்னிட்டு மூன்று நடவடிக்கைகள் பொருத்தமானவை. முதலாவது, வனத்துறையினர் இறந்த விலங்குகளின் திசுவையும் ரோந்தின்போது காணும் புழுக்கையையும் ஒரே முறையில் சேகரித்துப் பாதுகாக்கும் பயிற்சியும் வசதியும் பெற வேண்டும். வனக் காவலர்களும் காட்டை நன்கறிந்த பழங்குடி மக்களும் இதில் பங்கு பெறும்போது, அவர்களது அறிவு பதிவு பெறுவதோடு வேலைவாய்ப்பும் உண்டாகும். இரண்டாவது, பெங்களூர், ஹைதராபாத், டேராடூன் ஆய்வுக்கூடங்கள் ஒரே வகைக் குறிகளைப் பயன்படுத்தி, பிழை வீதத்துடன் முடிவுகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆளுக்கொரு படி வைத்து அளந்தால் நெல்லின் கணக்கு ஒருநாளும் ஒத்துவராது. மூன்றாவது, காட்டு நிலம் பிற பணிகளுக்கு மாற்றப்படும்போது, 2016ஆம் ஆண்டின் ஈடு காடுவளர்ப்பு நிதிச் சட்டத்தின்கீழ் சேரும் தொகையில் ஒரு சிறு பகுதி இத்தகைய அளவீட்டிற்கு ஒதுக்கப்படலாம். ஒரு கிலோமீட்டர் நெடுஞ்சாலையின் செலவோடு ஒப்பிடின், ஒரு விலங்கிற்குக் குறிகளை உருவாக்கும் செலவு மிகச் சிறியது. ஒருமுறை உருவாக்கிய குறிகள் பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. தீ, கண்ணி, நாய்களின் தாக்குதல், கால்நடை மேய்ச்சல் ஆகியவற்றை மரபணுக் குறி தடுத்துவிடாது. காட்டைக் காக்கும் பணி காட்டிலேயே நடைபெற வேண்டும். எங்கே காக்க வேண்டும், எது துண்டிக்கப்பட்டுள்ளது, எடுத்த நடவடிக்கை பலித்ததா என்பவற்றைக் காட்டும் அளவுகோல் என்ற முறையிலேயே இதன் மதிப்பு அமைந்துள்ளது. அளவுகோல் செம்மையாக இருந்தால் முடிவும் செம்மையாக இருக்கும். புதரில் பதுங்கி வாழும் நாற்கொம்பு இரலை தன் இருப்பைத் தெரிவிக்க விட்டுச் செல்வது ஒரு பிடி புழுக்கை மட்டுமே. அதனைப் பிழையின்றிப் படிக்கக் கற்பது, அவ்விலங்கின் வாழிடத்தின் மீது சாலையும் அணையும் திட்டமிடுவோரின் கடமையாகும்.